சீலண்ட் பீய்ச்சியும் ஓட்டை அடையவில்லை என்றால்

காட்பாடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். மண்பாதைக்கும் தார்ச்சாலைக்கும் ஆன கிராவல் சைக்கிள், 40 மி.மீ. டியூப்லெஸ் டயர், வாங்கி ஒன்பது மாதம் ஆகிறது. கணியம்பாடி வழியாக அமிர்திக்குப் போகும்போது முன் சக்கரத்தில் முள் ஏறி, வெள்ளைத் திரவம் பீய்ச்சி அடித்திருக்கிறது. காற்று நிற்கவில்லை. வழியில் ஒரு பஞ்சர் கடையில் பைக் டயருக்குச் செருகும் பழுப்புக் கயிற்றைச் செருகி, 60 பிஎஸ்ஐ காற்று பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். வீடு வந்து சேர்வதற்குள் மறுபடி இறங்கிவிட்டது. "டியூப்லெஸ் நம்ம ஊருக்கு ஒத்து வராதா, டியூபுக்கே மாறிவிடட்டுமா?" என்று முடித்திருக்கிறார். இதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. கடையே இல்லாத சாலையில் முள் ஏறினால் எப்படி வீடு திரும்புவது என்பது ஒன்று. இந்த வெயிலுக்கும் முள்ளுக்கும் டியூப்லெஸ் தகுமா என்பது இன்னொன்று. வேலூரில் சைக்கிள் பழுது பார்ப்பது என் தொழில், அதனால் இரண்டுக்கும் என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடலாம். அந்த முள் உங்கள் டயரைக் கெடுக்கவில்லை. டயருக்குள் இருந்த சீலண்ட், அதாவது ஓட்டையை அடைக்க ஊற்றி வைக்கும் அந்த வெள்ளைத் திரவம், பழசாகிவிட்டது, அதுதான் காரணம். வேலிக்காத்தான் முள் போடும் ஓட்டை பெரும்பாலும் 2 மி.மீ. கூட இருக்காது. நல்ல நிலையில் உள்ள சீலண்ட் அந்த அளவு ஓட்டையைச் சக்கரம் சில சுற்று சுற்றுவதற்குள் அடைத்துவிடும். ஒன்பது மாதமாக மாற்றவோ ஊற்றவோ இல்லை என்றால் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள, சீலண்ட் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

பெரும்பாலான சீலண்ட் ரப்பர் பாலும், அதை உறையாமல் வைத்திருக்கும் திரவமும், நுண்ணிய துகள்களும் சேர்ந்த கலவை. ஓட்டை வழியாகக் காற்று வேகமாக வெளியேறும்போது துகள்கள் போய் அங்கே சிக்குகின்றன, அவற்றைச் சுற்றி ரப்பர் பால் உறைந்து அடைப்பு உண்டாகிறது. நாளாக ஆக நீர்ப்பகுதி ஆவியாகிறது. கொஞ்சம் டயரின் உள்சுவரில் பாலாடை மாதிரி படிந்து காய்ந்துபோகிறது. ரப்பரும் துகளும் ஒன்றாகத் திரண்டு உருண்டையாகிவிட்டால், மிச்சம் இருப்பது வெறும் தண்ணிப் பால். அது பீய்ச்சி அடிக்கும், ஆனால் அடைக்காது. நீங்கள் பார்த்தது இதுதான். வெள்ளையாக ஏதோ வருகிறதே, சீலண்ட் இருக்கிறது என்று பலர் ஏமாந்துவிடுகிறார்கள்.

இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கலாம். 40 மி.மீ. டயருக்கு 60 பிஎஸ்ஐ அதிகம். எழுபது கிலோ எடையுள்ளவருக்கு 30 முதல் 40 வரை போதும். அழுத்தம் கூடக் கூட, உறையப் போகும் பாலைக் காற்று வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ரிம்மில் எழுதியிருக்கும் உச்ச அளவையும் ஒருமுறை பாருங்கள். ஓரத்தில் டயரைப் பிடிக்கும் கொக்கி இல்லாத ஹுக்லெஸ் ரிம் என்றால் 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐ, அதைத் தாண்டவே கூடாது. தாண்டினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்று தெறிக்கும், ஆளும் விழுவார். டயரில் அதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் குறைந்த அளவுதான் கணக்கு. பஞ்சர் கடை கம்ப்ரஸர் லாரிக்கும் காற்று கொடுக்கும் இயந்திரம், சைக்கிள் டயரை ஒரு நொடியில் எல்லை தாண்ட வைத்துவிடும். எவ்வளவு வேண்டும் என்று நீங்களே சொல்லிப் பிடிக்க வைக்க வேண்டும்.

இனி சாலையோரத்தில் என்ன செய்வது என்று பார்ப்போம். பீய்ச்சும் சத்தம் கேட்டதும் இறங்கி, ஓட்டை இருக்கும் இடத்தைக் கீழே கொண்டு வாருங்கள். திரவம் எப்போதும் டயரின் அடியில்தான் தேங்கி நிற்கும். ஓட்டை மேலே இருந்தால் வெறும் காற்று போய்க்கொண்டிருக்கும். முள் இன்னும் குத்திக்கொண்டிருந்து, காற்றும் போகவில்லை என்றால் அப்படியே ஓட்டி வீட்டுக்கு வந்துவிடலாம், அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். நீளமான ஆணி என்றால் கதை வேறு. அது உள்பக்கம் ரிம்மின் ஸ்போக் ஓட்டைகளைக் காற்று போகாமல் மூடியிருக்கும் ரிம் டேப்பைக் குத்திவிடும், எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்த கையோடு ஓட்டையைக் கீழே வைத்து, சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றி, மறுபடி கீழே வைத்து நிறுத்துங்கள். பீய்ச்சல் நிற்காவிட்டால் வால்வைத் திறந்து காற்றைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். 20 பிஎஸ்ஐ அளவில் அடைந்துகொள்ளும் ஓட்டைகள் நிறைய உண்டு. அடைந்த பிறகு கைப்பம்பால் மெல்ல ஏற்றிக்கொள்ளலாம்.

ஒரு நிமிடத்துக்கு மேலும் போய்க்கொண்டிருக்கிறது என்றால் காத்திருக்காதீர்கள், பிளக், அதாவது ஊசியால் ஓட்டைக்குள் செருகும் ரப்பர் திரி, போட்டுவிடுங்கள். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தயங்கி, காற்றும் சீலண்டும் மொத்தமாக வடிந்த பிறகு பிளக்கைத் தேடுகிறார்கள். டயர் கொஞ்சம் விறைப்பாக இருக்கும்போது பிளக் சுலபமாக ஏறும், தொளதொளவென்று ஆன டயரில் ஊசி ஏறாமல் டயரே உள்ளே அமுங்கிப் போகும். இன்னொரு லாபமும் உண்டு. காற்று முழுவதும் போவதற்குள் அடைத்துவிட்டால், பீட் என்கிற டயரின் ஓர விளிம்பு ரிம்மில் உட்கார்ந்தபடியே இருக்கும். அது உட்கார்ந்திருக்கும்வரை சாதாரணக் கைப்பம்பு போதும். கழன்று ரிம்மின் நடுப்பள்ளத்தில் விழுந்துவிட்டால் சாலையோரத்தில் கைப்பம்பால் மறுபடி ஏற்றுவது பெரும்பாடு. காற்று இல்லாத டயரில் ஏறி உட்கார்ந்து ஓட்டாதீர்கள் என்று சொல்வது இதற்காகவும்தான்.

பிளக் என்றால் சைக்கிளுக்கென்று வரும் மெல்லிய ரகம். 1.5 மி.மீ. தடிமனில் ஒன்றும் 3.5 மி.மீ. தடிமனில் ஒன்றும் சேர்த்து விற்கிறார்கள். ஊசியின் கண்ணில் கோர்த்து நேராகக் குத்தி, வெளியே அரை சென்டிமீட்டர் வால் நிற்கும்படி விட்டு, ஊசியை முறுக்காமல் நேராக இழுத்தால் முடிந்தது. வால் தேய்ந்து தானே டயரோடு சமமாகிவிடும். உள்ளே ஈரமான சீலண்ட் இருந்தால்தான் பிளக்கைச் சுற்றியுள்ள சந்தும் மூடும். சீலண்ட் இல்லாத டயரில் போட்ட பிளக் கசிந்துகொண்டே இருக்கும்.

பஞ்சர் கடையில் போட்ட கயிறு ஏன் நிற்கவில்லை என்பதற்கும் இப்போது பதில் சொல்லலாம். அந்தக் கடைக்காரர் மேல் தவறு இல்லை, அவரிடம் இருந்த கருவி பைக்குக்கும் காருக்கும் ஆனது. அந்த டயர்கள் கனமானவை, அந்தக் கயிற்றை நாலாபக்கமும் இறுக்கிப் பிடிக்க அங்கே போதிய ரப்பர் இருக்கிறது. உள்பக்கமும் காற்று கசியாத தனி ரப்பர் அடுக்கு உண்டு, சீலண்ட் இல்லாமலே அது நிற்கும். சைக்கிள் டயரின் நடுப்பகுதி சில மில்லிமீட்டர்தான். கயிற்றைச் செருகும் முன் அரம் மாதிரி இருக்கும் ஊசியை உள்ளே விட்டு அறுப்பார்கள் பாருங்கள், அதுதான் பெரிய சேதம். முள் 2 மி.மீ. ஓட்டை போட்டிருக்கும், அரம் அதை 5 மி.மீ. ஆக்கி, டயரின் உள்ளே உள்ள நூலையும் அறுத்துவிடும். பால் அடைத்திருக்கக் கூடிய ஓட்டை, பாலால் அடைக்க முடியாத ஓட்டையாகிவிடுகிறது. இனிமேல் பஞ்சர் கடையில் நின்றால், "அண்ணா, அரம் விடாதீங்க, காத்து மட்டும் புடிச்சிக் குடுங்க" என்று சொல்லிவிடுங்கள்.

அவர்களிடம் காற்று பிடிக்கவும் ஒரு சின்னச் சாமான் வேண்டும். உங்கள் சைக்கிளில் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வால்வு, கடையில் காற்றடிக்கும் கன் தடித்த பைக் வால்வுக்கானது. நடுவில் திருகிப் போடும் பித்தளை அடாப்டர் ஒன்றைக் கைப்பையில் எப்போதும் வைத்திருங்கள். அது இல்லாமல் கம்ப்ரஸர் பக்கத்திலேயே நின்றாலும் பயன் இல்லை.

பிளக்கும் கைவிட்டால் கடைசி வழி டியூப்தான். டியூப்லெஸ் ஓட்டுகிறவரும் ஒரு டியூப் எடுத்துப் போக வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதுவும் பிரெஸ்டா வால்வு டியூபாக இருக்க வேண்டும். குடியாத்தமோ ஆற்காடோ, எந்த ஊர்ச் சைக்கிள் கடையிலும் சுலபமாகக் கிடைக்கும் டியூபின் வால்வு தடிமன், உங்கள் ரிம் ஓட்டைக்குள் நுழையாது. ரிம்மைத் துளையிட்டுப் பெரிதாக்கிப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். டியூப் மாட்ட முதலில் டியூப்லெஸ் வால்வைக் கழற்ற வேண்டும். அதன் மேல் நட்டைக் கொறடு வைத்து இறுக்கியிருந்தால் காட்டில் நின்றுகொண்டு கழற்ற முடியாது, கையால் இறுக்கியது போதும். டயரை ஒரு பக்கம் கழற்றி, சீலண்டை வழித்தெடுத்த பிறகு ஒரு பருத்தித் துணியை உள்பக்கம் முழுச்சுற்று தேய்த்துப் பாருங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. மாதக்கணக்கில் ஏறிய முள் எல்லாம், சீலண்ட் அடைத்துவிட்டதால் உங்களுக்குத் தெரியாமலே உள்பக்கம் முனை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் டியூபைப் போட்டுக் காற்றடித்தால் அடுத்த கிலோமீட்டரிலேயே இறங்கிவிடும். விரலால் தடவினால் விரல் கிழியும், துணி என்றால் முள் சிக்கி இழுத்துக் காட்டிவிடும்.

நம் பக்கத்து முட்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாலாற்றங்கரை மண்பாதைகளிலும் ஏரிக்கரைகளிலும் நெருஞ்சி மண்டிக் கிடக்கும். காய் காய்ந்து உடையும்போது ஒவ்வொரு துண்டும் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்தபடி நிற்கும். சாதா டியூபுக்கு அதைவிட மோசமான எதிரி கிடையாது. ஆனால் அந்த முள் குட்டையானது, ஓட்டையும் சின்னது, சீலண்ட் அதை அநாயாசமாக அடைக்கும். வேலிக்காத்தான் நீளமாக, உறுதியாக இருக்கும். பெரும்பாலும் டயருக்குள்ளேயே முனை உடைந்து நின்றுவிடும். அதையும் சீலண்ட் தாங்கும். எனக்கு அதிகத் தலைவலி கொடுப்பது முள் அல்ல, பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில் கிடக்கும் கம்பி. வெடித்த லாரி டயர்களிலிருந்து தலைமுடி மாதிரி மெல்லிய எஃகு இழைகள் சிதறிக் கிடக்கும். அது ஏறினால் சீலண்ட் அடைக்கும், பிறகு சக்கரம் சுற்றும்போது கம்பி அசைந்து அடைப்பை உடைக்கும், மறுபடி அடைக்கும், மறுபடி உடையும். இரண்டு நாளைக்கு ஒருமுறை காற்று குறைகிறது, ஓட்டையும் கண்ணில் படவில்லை என்றால் கம்பியைச் சந்தேகியுங்கள். டயரைக் கழற்றி, உள்ளே துணியால் தேடி, கூர்மூக்குக் கொறடால் பிடுங்கி எடுத்தால்தான் தீரும். வாலாஜாவிலிருந்து இந்தப் பக்கம் வரும்போது சாலையின் கடைசி ஓரத்தில் குப்பை சேர்ந்திருக்கும் பட்டையில் ஓட்டாதீர்கள் என்று என்னிடம் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

வீடு வந்த பிறகு செய்ய வேண்டியது. சின்ன ஓட்டை, சீலண்டே அடைத்துவிட்டது என்றால் எதுவும் வேண்டாம். பிளக் போட்டது நன்றாக நிற்கிறது என்றால் அதையும் டயர் தேயும்வரை விட்டுவிடலாம். உங்கள் டயர் மாதிரி அரம் விட்டுப் பெரிதானதற்கு உள்பக்கமிருந்து பேட்ச் ஒட்டுவதே வழி. டயரைக் கழற்றி, கயிற்றைப் பிடுங்கிவிட்டு, ஓட்டையைச் சுற்றியுள்ள சீலண்ட் படலத்தை முழுவதும் உரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவுங்கள். கையில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு அப்புறம் பேட்ச்சை வைத்து அழுத்துங்கள். பெரும்பாலானோர் கோட்டைவிடுவது படலத்தை உரிக்கும் இடத்தில். சீலண்டின் மேல் ஒட்டிய பேட்ச் சீலண்டோடு சேர்ந்து கழன்றுவிடும். ஒரு இரவு விட்டுப் பிறகு டயரை மாட்டுங்கள். நடுப்பகுதியில் 5 மி.மீ. ஓட்டை வரை இது நிற்கும் என்பது என் அனுபவம். பக்கச் சுவரில் கிழிந்திருந்தால் நான் பொறுப்பேற்க மாட்டேன். அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிறது, ரப்பரும் மெல்லிசு. தைத்து, உள்ளே துண்டு வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது வீடு சேரும்வரைக்கான ஏற்பாடு மட்டும்தான், ஏலகிரி வளைவுகளில் இறங்கும் வேகத்துக்கு அதை நம்பச் சொல்ல மாட்டேன்.

திரும்ப மாட்டும்போது விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, வேகமாகக் காற்றடித்தால் டப் டப்பென்று சத்தம் வந்து உட்காரும். அப்போதும் எல்லை தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வால்வுக் கோரை, அதாவது வால்வுக்குள் காற்றை நிறுத்தும் சின்னத் திருகுப் பாகத்தை, கழற்றி, ஊசி போடும் சிரிஞ்சால் சீலண்ட் விடுங்கள். 40 மி.மீ. டயருக்கு 60 மி.லி. அளவு, 2.3 அங்குல மலை சைக்கிள் டயருக்கு 100 மி.லி. பக்கம். பாட்டிலை நன்றாகக் குலுக்கியே ஊற்ற வேண்டும், துகள்கள் அடியில் தங்கிவிட்டால் நீங்கள் ஊற்றுவது வெறும் பால்தான்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை ஊற்றுவது என்பதில் கம்பெனிகள் சொல்வது இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம்வரை போகிறது. சூடான, வறண்ட ஊரில் சீக்கிரம் காயும் என்பதை அவர்களே எழுதுகிறார்கள். மே மாத வேலூரில் ஆறு மாதக் கணக்கை நம்பினால் உங்கள் நிலைதான் எல்லோருக்கும். மார்ச் முதல் ஜூன்வரை ஆறு வாரத்துக்கு ஒருமுறையும், மழைக்காலத்திலும் மார்கழிக் குளிரிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் சோதிப்பது என் பழக்கம். சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள், தண்ணீர்ச் சத்தம் வர வேண்டும். வந்தாலும் கோரைக் கழற்றிவிட்டு, வயர் கட்டும் மெல்லிய பிளாஸ்டிக் டையை வால்வு வழியாக விட்டு எடுத்துப் பாருங்கள். வெள்ளையாகக் கெட்டியாக ஒட்டிவந்தால் சரி, தண்ணியாக வழிந்தால் மாற்றிவிடுங்கள். தாழ்வாரத்தில் தகரக் கூரைக்குக் கீழே, வெயில் படும் இடத்தில் சைக்கிளை நிறுத்தாமல் இருந்தாலே சீலண்டின் ஆயுள் கூடும்.

எல்லாக் காற்று இறக்கமும் பஞ்சர் அல்ல. ஸ்போக் முனைகளிலிருந்தோ வால்வடியிலிருந்தோ குமிழ் வந்தால் ரிம் டேப் போய்விட்டது என்று அர்த்தம். டயரில் எவ்வளவு தேடினாலும் ஓட்டை கிடைக்காது. சக்கரத்தைத் தொட்டித் தண்ணீரில் முக்கிச் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கார்பன் டை ஆக்சைடு குப்பியைப் பற்றி இரண்டு கருத்து இருக்கிறது. ரப்பர் பால் சீலண்டை அது உறைய வைத்துக் கெடுத்துவிடும் என்று சில கம்பெனிகள் எச்சரிக்கின்றன, எங்கள் திரவத்துக்கு ஒன்றும் ஆகாது என்று வேறு சில சொல்கின்றன. அவசரத்துக்கு அடிக்கலாம், வால்வை மேல் பக்கம் வைத்து அடியுங்கள், குளிர்ந்த வாயு நேராகத் திரவத்தில் பாயாது. வீடு வந்ததும் சீலண்ட் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பைக்குக்கு விற்கும் ஜெல்லை சைக்கிள் டயரில் ஊற்றலாமா என்றும் கேட்கிறார்கள். அது கெட்டியாக இருக்கும், மெல்லிய வால்வை அடைத்துக்கொள்ளும். நான் போடுவதில்லை.

சரி, டியூபுக்கு மாறலாமா? உங்கள் விஷயத்தில் வேண்டாம் என்பேன். அமிர்தி, ஒடுகத்தூர், ஜவ்வாது மலையடிவாரம் என்று வாராவாரம் மண்பாதையில் போகிறவருக்கு டியூப்லெஸ் கொடுக்கும் நிம்மதியை டியூப் கொடுக்காது. ஒரே பயணத்தில் பத்து நெருஞ்சி ஏறியிருந்தும் தெரியாமலே வீடு திரும்பலாம். ஆனால் சைக்கிளை மாதக்கணக்கில் தொடாமல் நிறுத்தி வைப்பவருக்கும், வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு மட்டும் போய் வருபவருக்கும் டியூப்தான் நல்லது. சீலண்டைக் கவனிக்காத டியூப்லெஸ், டியூபைவிட மோசம். சாதா டயரையும் சாதா ரிம்மையும் வைத்துக்கொண்டு டேப் சுற்றி டியூப்லெஸ் ஆக்கும் முயற்சி வேண்டவே வேண்டாம், அந்த விளிம்பு அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

உங்கள் டயரைப் பார்க்காமல் ஒன்றை மட்டும் என்னால் சொல்ல முடியாது. அரம் உள்நூலை எவ்வளவு அறுத்திருக்கிறது என்பதுதான் அது. டயரைக் கழற்றி ஓட்டையை உள்பக்கமிருந்து விரித்து, வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். நூல் அறுந்து டயர் அந்த இடத்தில் புடைத்திருந்தால் பேட்ச்சுக்குச் செலவு செய்யாமல் டயரை மாற்றிவிடுங்கள்.